உட்காரச் சொன்னார்கள்

20 ஆகஸ்ட் 1946, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. அப்பாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். இந்நேரம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள். "கேஸ் முடியட்டும் ஃப்ளோரா, அப்புறம் வா" என்று பள்ளிக்கூடத்து மதர் சொல்லி எத்தனை மாதமாகிறது! கேஸ் போட்டது நான். திருட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு வீட்டில் கிடப்பதும் நான்தான்.

23 ஆகஸ்ட், வெள்ளி

மயிலாப்பூரில் வக்கீல் வேதாந்தம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தியாகராய நகர் ஜவுளிக்கடையில் லேஸ் பார்த்தேன். பிடிக்கவில்லை, கிளம்பினேன். ஒரு சுருள் லேஸைக் காணோம் என்று மானேஜர் கல்யாணராமன் என்னைப் பின்னறைக்கு அழைத்துப்போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். போகலாமா என்று கேட்டதற்கு, "இருங்க, போனா போலீஸ்தான்" என்று வாசலில் நின்றுகொண்டார். கடையில் வேலை செய்யும் ஒருத்தி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என் முந்தானை ஊசியைக் கழற்றி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். லேஸ் மேஜைக்கடியில் கிடந்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

"ரெண்டு தப்பும்மா. சம்மதமில்லாம மேல கை வெச்சது ஒண்ணு. போகவிடாம வெச்சிண்டது இன்னொண்ணு. அதுக்குப் பூட்டெல்லாம் வேண்டாம். ஆனா பேர் கெட்டுடுமேன்னு நீங்களா உக்காந்திருந்தேள்னா, அது சிறை ஆகாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசிக்கிறேன். அவர் போகவிடவில்லை, நானும் பேருக்குப் பயந்தேன். இரண்டுமேதானே?

நடுவில் ஒரு டம்ளர் காபி கொடுத்தார்கள், குடித்தேன், தேங்க்ஸ் என்று வேறு சொன்னேன் என்றதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடடா, காபி குடிச்சேளா!"

1 செப்டம்பர், ஞாயிறு

கோயிலில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். 'ராஜநாயகம் மகள் ஃப்ளோராவுக்கும் பவுல்சாமி மகன் மர்சலினுக்கும்' என்றபோது பின்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். லேஸ் என்று காதில் விழுந்தது. பிரமையாக இருக்கலாம். இல்லை, பிரமை இல்லை.

5 செப்டம்பர், வியாழன்

மர்சலின் வந்தார். நல்ல மனிதர், தன் அம்மா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். கல்யாணராமன் எங்கள் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்பாராம். 'இஷ்டப்பட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்' என்று நான் கையெழுத்துப் போட்டு, கேஸை வாபஸ் வாங்க வேண்டுமாம். "அம்மா ரொம்ப பயப்படறாங்க ஃப்ளோரா. கோர்ட்டு ஏறின பொண்ணுன்னு பேராயிடும்."

அப்பாவும் சேர்ந்துகொண்டார். "போட்டுத் தொலையேம்மா. நாலு ஆம்பிளைங்க முன்னாடி கூண்டுல ஏறி, இன்னா, அவ எங்க எங்க தொட்டான்னு சொல்லிக்கினு நிக்கப் போறியா?"

கேட்டது அப்பா. என் அப்பா! நான் இன்னா தப்பு பண்ணேன்? தொட்டவ நிம்மதியா கடைக்குப் போறா, நான் தலை குனிஞ்சுக்கினு கிடக்கணுமா? வாய்விட்டுக் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

8 செப்டம்பர், ஞாயிறு

இரண்டாம் ஓலை. மாதா பிறந்த நாள். ஜெபம் வரவில்லை.

10 செப்டம்பர், செவ்வாய்

நாளை மறுநாள் சாட்சி சொல்ல வேண்டும். அப்பா கத்தவில்லை, அதுதான் கஷ்டம். "கதவு தொறந்துதான் இருக்கு. போறதுன்னா போ. திரும்பி வர்றப்போ கல்யாணம்னு ஒண்ணு இருக்காது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்தக் கடையிலும் கதவு திறந்துதான் இருந்தது.

12 செப்டம்பர், வியாழன்

கோர்ட்டுக்கு டிராமில் தனியாகப் போனேன்.

கடைக்காரர்களின் வக்கீல்: கதவு பூட்டியிருந்ததா? இல்லை. கையைக் காலைக் கட்டினார்களா? இல்லை. காபி குடித்தீர்களா? குடித்தேன். "காபி குடிச்சிட்டு தேங்க்ஸ் சொல்ற கைதியை நான் பார்த்ததில்லை." கோர்ட்டே சிரித்தது. காது சுட்டது எனக்கு. பிறகு, ஏன் எழுந்து போகவில்லை என்றார்.

"உட்கார் என்றால் உட்காரச் சொல்லித்தான் வளர்த்தார்கள். கொடுத்ததைக் குடித்துவிட்டு நன்றி சொல்லவும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுந்து போவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தக் கடைப்பெண் எங்கெங்கே தொட்டாள் என்பதையும் சொன்னேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. மர்சலினின் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டாராம். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பா பூசை முடியுமுன்பே எழுந்து போய்விட்டார்.

27 செப்டம்பர், வெள்ளி

தீர்ப்பு. என்னைப் போகவிடாமல் வைத்தார்கள் என்பது நிரூபணமாகவில்லை. காபி கவிழ்த்துவிட்டது! ஆனால் சம்மதமில்லாமல் தொட்டது தப்பு, அதற்குக் கடைதான் பொறுப்பு, நான் எதையும் எடுக்கவில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார். "பாதி ஜெயிச்சுட்டோம்மா" என்றார் வக்கீல். திங்கட்கிழமை வரச்சொல்லி மதர் ஆள் அனுப்பினார். அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

28 செப்டம்பர், சனி

மர்சலினின் அம்மாவுக்கு இப்போது திருப்தியாம். நாளையே மூன்றாம் ஓலை வாசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். "பார்த்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சு!" என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். என்னை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கோயிலுக்குப் போய், ஓலை வாசிக்க வேண்டாம், எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதமில்லை என்று சாமியாரிடம் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தறாங்களாம்மா?" என்றார்.

"இல்லை சாமி."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன்.