நுகத்தடிக்கு இணங்காதவனுக்கு

பங்காளி, இந்தக் கிணற்றில் இனி மனிதன் இழுக்கமாட்டான் என்று அன்றைக்கே சொன்னவன் நான்தான். அப்போது எவனும் காதில் வாங்கவில்லை. இன்று மிளகு மூட்டையோடு மலையிறங்கி, அடிவாரத்தில் நம்மை அடைத்துவைத்த சப்ஜெயில் பக்கமாக நடந்தேன். நீர் மொள்ளும் தோல்சால் நனைந்த வாடை மூக்கில் ஏறியது. எட்டிப் பார்த்தால், ஜெயில் அதிகாரியின் கத்தரித் தோட்டத்துக் கிணற்றில், கவலை ஏற்றத்தில் பூட்டிய இரண்டு காளைகள் சரிவில் இறங்கி நீர் இறைத்துக்கொண்டிருந்தன. காளைகளைக் கும்பிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில் ஒருகாலத்தில் நம் தோள் இருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏர்க்காலுக்கு ஒரு மரம் வெட்டினோம் என்று பாரஸ்ட் கார்டு நம்மைப் பிடித்தான். விசாரணையே நடக்கவில்லை, அதற்குள் நுகத்தடி வந்துவிட்டது. ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்த மலைக்காரனுக்குக் கவலை இழுக்க என்ன தெரியும்? முதல்நாள் சாலோடு சேர்ந்து நாமே கிணற்றுக்குள் போயிருப்போம். நான்தான் ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து எல்லாரையும் காப்பாற்றினேன். கஞ்சியில் கிடந்த புழு உன் மீசையைவிடப் பெரிது. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

உன்னோடு ஜோடியாகப் பூட்டிய, நம் மலையின் பைல் நாட்டுக் கிழவருக்குத் தோள் உரிந்து, காய்ச்சல் கொதித்தது. இன்னொரு நாள் இழுத்தால் அவர் உயிர் தங்காது என்று நமக்குத் தெரியும். வார்டருக்கும் தெரியும்.

"எந்திரிங்கடா மலைமாடுகளா! ஐயா கத்தரி வாடுது."

நீ கிழவரை உட்காரவைத்து, நீயும் சரிவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"மாடுன்னா மாட்டுக்குள்ளதக் குடுங்க. பருத்திக்கொட்டை எங்கீங்க?"

"வாயப் பாரு! கொம்பு சீவி விடட்டுமா?"

"சீவுங்க. முட்டறதுக்குத் தோதா இருக்கும்."

தடி விழுந்தது. கிழவர் அழுதார். "எனக்காக அடி வாங்காத சாமி. நானே இழுக்கறேன்."

"நீங்க சும்மா உக்காருங்க அப்புச்சி" என்றாய். பிறகு வார்டரைப் பார்த்துக் கேட்டாய்: "ஏனுங்க, இன்னிக்கு அமாவாசை. உங்க ஊட்டுல இன்னிக்கு ஏர் பூட்டுவீங்களா?"

வார்டர் குடியானவன் மகன். அமாவாசையன்று மாட்டின் கழுத்தில் நுகம் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பால்குடித்த நாள்முதல் கேட்டு வளர்ந்தவன். ஓங்கிய தடி அப்படியே நின்றது. அதற்குள் நான் ஓர் உறுமல் உறுமினேன்; அவன் தொப்பி கழன்று கிணற்றில் விழுந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செய்தி சந்தைக்குப் போனது. மனிதரைப் பூட்டிய கையால் காசு வாங்கமாட்டேன் என்று காய்கறிக்காரி அதிகாரி வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிறகுதான் காளைகள் வந்தன. கிழவர் தன் காலால் நடந்து மலையேறினார்.

போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய். இந்தக் கதையை எடப்புளி நாடு முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சொல்லச் சொல்ல வளர்கிறது. அதற்கு நான் என்ன செய்வேன்?

ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று அமாவாசையே இல்லை. அது நான் கட்டியது. நீ எந்தச் சாக்கும் சொல்லவில்லை. "மாட்டேனுங்க" என்றாய், அவ்வளவுதான். அவன் அடித்தான். நீ எழவில்லை. மறுபடி அடித்தான். கடைசியில் ஓய்ந்தது அவன் கை. காரணமே இல்லாமல் ஒரு மலைக்காரன் மறுத்தான் என்றால் கேட்பவர்கள் நம்பவில்லை, பங்காளி. அதனால்தான் அமாவாசையைக் கொண்டுவந்து வைத்தேன்.

நேற்று அந்தப் பாரஸ்ட் கார்டு வந்து, கூலியில்லாமல் பாரஸ்ட் பங்களாவுக்கு விறகு சுமக்கக் கூப்பிட்டான். "மாட்டேனுங்க" என்றேன். ஏன் என்று கேட்டான். என் வாயில் ஆயிரம் கதை இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.