மாட்டு டிரசர்

என் கண்ணான தம்பி முத்துவுக்கு,

நீ இல்லை என்று தெரிந்து பதினோரு நாள் ஆகிறது. லிங்கி ஊர்ப் பக்கத்து வீரய்யா, சயாமிலிருந்து காலெல்லாம் புண்ணோடு திரும்பி வந்து சொன்னார். அதுவரை உனக்கும் சேர்த்துத்தான் மரவள்ளிக் கிழங்கு அவித்தேன். இப்போதும் கை தானாக ஒரு துண்டு கூடுதலாகப் போடுகிறது. அதை யாருக்குக் கொடுப்பது?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை உனக்கு வைத்தது நான்தானே?

துரை பங்களா ஆட்டுக்குட்டி கால் ஒடிந்து கிடந்தபோது, ரப்பர்க் குச்சியை வைத்து, என் பழைய சேலையைக் கிழித்துக் கட்டுப் போட்டாய். "தள்ளுங்க, தள்ளுங்க, மாட்டு டிரசர் வர்றாரு!" என்று நான்தான் கத்தினேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மனிதருக்கு மருந்து கட்டுகிறவர் டிரசர் என்றால், ஆடு மாட்டுக்கு நீ. லயத்து வீட்டு வரிசையே சிரித்தது, நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உன் சொந்தப் பெயர், காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ரப்பர் மரம் சீவும் கத்தியை நீ ஒருநாளும் விரும்பித் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வண்டிமாடு கருப்பனுக்கு உண்ணி எடுத்துக்கொண்டே, போக நினைக்கும் வேலைகளாக அடுக்குவாய். சிரம்பானில் குதிரைக்காரன் வேலை. கெமாஸ் ஸ்டேஷனில் மாடுகளை வேகனில் ஏற்றி இறக்கும் வேலை. துரை வீட்டு நாயைக் குளிப்பாட்டக்கூட ஓர் ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கவர்மெண்டு மாட்டு ஆஸ்பத்திரியில் ஊசிப் பெட்டி தூக்கும் வேலை.

"கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்க்கா. நான் நெசமாவே மேய்க்கப் போறேன் பாரு."

"மொதல்ல நம்ம வீட்டுக் கோழிய அடைச்சிட்டு வாடா. கவர்மெண்டு கோழிக்கு அப்புறம் போலாம்லா."

ஜப்பான்காரன் வந்தான். கவர்மெண்டே மாறிப்போனது. யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று எழுதச் சொல்லி உத்தரவு வந்த அன்று நீ மாட்டோடு காட்டில் இருந்தாய். ஆபீஸ் வாசலில், கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா என்னைத்தான் கேட்டார். "மாட்டு டிரசருங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், முத்து. அவர் பட்டியலில் மரம் சீவுகிறவர், புல் வெட்டுகிறவர், டிரைவர், டிரசர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மாட்டுக்குக் கட்டம் இல்லை. டிரசர் கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டார்.

ஒரே மாதத்தில், சயாம் ரயில் பாதைக்கு டிரசர்கள் வேண்டும் என்று லாரி வந்து நின்றது. உனக்கு மாட்டு வைத்தியம்தான் தெரியும் என்று வேலை மேய்க்கும் மண்டோரிடம் சொல்லிப் பார்த்தாய். "மூணு மாசந்தான்லா, ஏறு" என்றார். ஏறினாய். கொட்டகையிலிருந்து கருப்பன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீரய்யா சொன்னார்: "மொத நாளே சொல்லிட்டான்மா, நான் மாட்டுக்குப் பாக்குறவன்னு. அங்க மருந்து ஏது? உப்புத்தண்ணி காய்ச்சி என் கால கழுவுவான். நான் கத்துனா, மாட்டத் தட்டிக் குடுக்கற மாதிரி முதுகத் தட்டி, 'ஹோ... ஹோ... அவ்ளோதான், அவ்ளோதான்'ம்பான். எங்கள மனுசனாப் பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

பிறகு வாந்திபேதி வந்ததாம். உனக்கும் வந்ததாம்.

உன்னை யார் தட்டிக்கொடுத்தார்கள்? வீரய்யாவிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டு வினையாகும் என்பார்கள். என் விளையாட்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது. மன்னிப்புக் கேட்டால் உனக்குக் கேட்குமா?

இங்கே லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மாடுகளை ஒவ்வொன்றாக ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கருப்பனும் ஒரு பசுவும்தான் மிச்சம். அவற்றை இப்போது நான்தான் பார்க்கிறேன். நாள் முழுக்க நான் பேசுவதும் அவற்றோடுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியாவது பார்க்கின்றன.

நேற்று கிராணி ஐயா புதுப் பதிவேட்டோடு வந்து, என் வேலை என்ன என்று கேட்டார். மாடு பார்க்கிறேன் என்றேன்.

"அப்பிடி ஒரு வேலை இதில இல்லைப் பிள்ளை. வெளிக்காட்டு வேலை எண்டு போடட்டே?"

"வேணாங்கய்யா. போன தடவ 'மாட்டு'ங்கற ஒரு வார்த்தைய விட்டுட்டீங்க, என் தம்பி போயிட்டான். கட்டம் இல்லன்னா நீங்களே ஒண்ணு போடுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடிமட்டத்தை எடுத்து வைத்து, ஓரமாக ஒரு கோடு இழுத்தார். மேலே 'மாடு' என்று தமிழிலேயே எழுதினார். முதல் பெயராக உன்னுடையதைச் சொன்னேன். "இல்லாத ஆளை எப்பிடி..." என்று தொடங்கியவர், நிறுத்திக்கொண்டு எழுதினார். உனக்குக் கீழே நான்.

இந்தச் சண்டை முடிந்து, கவர்மெண்டு மாட்டு ஆஸ்பத்திரி திறக்கட்டும். கருப்பனை ஓட்டிக்கொண்டு போய், ஊசிப் பெட்டி தூக்கும் வேலையை நான் கேட்பேன், இது சத்தியம். பொம்பளைக்கு அங்கே கட்டம் இல்லை என்பார்கள். ஒரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பேன்.

மாட்டு டிரசரின் அக்கா,
பாக்கியம்