பெல் அடிக்காத வீடு

ஜன. 10, சனி

மூடுபனி. எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டி எட்டு மணிக்குத்தான் கண்ணில் பட்டது. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து பாரதி போன். கோடை விடுமுறைக் காதல் வரிசைக்கு என் குறுநாவல் பொங்கல் முடிந்ததும் வேண்டுமாம். புனைபெயரில் எழுதுவதால் நான் நிருபராக இருக்கும் பத்திரிகையில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

"மேடம், இந்த வாட்டி செகண்ட் சான்ஸ். பிரிஞ்சவங்க லீவுக்கு ஏற்காடு போறாங்க, அங்க சந்திக்கறாங்க. வயசு மட்டும் நாப்பதுக்குள்ள இருக்கட்டும்."

"எதுக்குப் பிரிஞ்சாங்க?"

"ஏதோ ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்."

"ஒரு போன் போட்டா தீர்ந்துடுமே, பாரதி."

"போட மாட்டாங்க மேடம். போட்டா கதை மூணாவது அத்தியாயத்துல முடிஞ்சிடும்."

நியாயம்தான்.

எழுதியது: காட்டேஜ், மழை, ஒரே குடை. அவ்வளவுதான். இத்தனை வருடம் விபத்துச் செய்தி எழுதிய கைக்குக் குடை பிடிபடவில்லை. லாரி என்றால் எந்தப் பக்கம் கவிழ்ந்தது என்று எழுதிவிடலாம்.

மாலை சிவராஜ் கூப்பிட்டார். நாளை பார்க்க வேண்டுமாம். என்ன விஷயம் என்று நானும் கேட்கவில்லை.

ஜன. 11, ஞாயிறு

பனி இல்லை. சுள்ளென்று வெயில்.

மதியம் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடை. சிவராஜ் எனக்கு முன்பே வந்திருந்தார். என் கணவர் என்று எழுதக் கை தயங்குகிறது. சட்டப்படி இன்னும் கணவர்தான். விவாகரத்துக்கு ஒருமுறை வக்கீலைப் பார்த்தோம். வக்கீல் சொன்ன ஒரு தேதியில் இவருக்குக் காலை ஷிஃப்ட். இன்னொன்றில் எனக்குத் தேர்தல் கூட்டம். பிறகு இரண்டு பேருமே கேட்கவில்லை.

சண்டை எதுவும் கிடையாது. அவருக்குக் கம்பெனியில் வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். எனக்கு அப்போது கிருஷ்ணகிரி அலுவலகத்தில் இரவுப் பணி, முதல் பஸ்ஸில் வந்து படுத்தால் மதியம்வரை தூக்கம். ஒருவர் தூங்கினால் மற்றவர் பூனை நடை. ஷிஃப்ட் வீட்டில் யாரும் பெல் அடிக்கக் கூடாது. பகலில் குக்கர் கூடாது. டிவி இருந்தது, படம் மட்டும் ஓடும். ஒருவரை ஒருவர் எழுப்பிவிடாமல் பார்த்துக்கொண்டதிலேயே வருடங்கள் போயின. பிறகு கம்பெனிக்குப் பக்கம் என்று ஜூஜுவாடியில் அறை எடுத்தார். தற்காலிகம் என்றுதான் சொன்னார்.

போன மாதம் ரிட்டயர்டு. நரை கூடியிருக்கிறது. புதுச் சட்டை, கடை மடிப்புக்கூடப் போகவில்லை.

"கம்பெனில என்ன குடுத்தாங்க?"

"சுவர்க் கடிகாரம்."

"அலாரம் இருக்குதா?"

"அது வேறயா." சிரித்தார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கலா, நாம ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்ல இருந்ததே இல்ல."

"சரி."

"இனிமே எனக்கு ஜெனரல் ஷிஃப்ட்தான். ஊர் உலகம் எந்திரிக்கிறப்ப எந்திரிச்சு, தூங்கறப்ப தூங்கறது. மறுபடியும் சேர்ந்து இருக்கலாமான்னு யோசிச்சு வை. இப்பவே சொல்ல வேணாம். போகி அன்னைக்குக் காலைல வீட்டுக்கு வரேன்."

"வேணாம்னு சொன்னா?"

"கல்லாவிக்குப் போயிடறேன். தங்கச்சி வீட்டு மாடில ஒரு ரூம் சும்மாதான் இருக்குது. சனிக்கெழமை இங்க காலி பண்றேன்."

கோபம் வந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. அலுப்புதான். இந்த வயதில் இன்னொருவர் காலையில் தொண்டை செருமுவதைக் கேட்க வேண்டுமா? கட்டிலில் ஒரு பக்கம் முழுக்கப் புத்தகம், துவைத்த துணி. எங்கே கொண்டுபோய் வைப்பது?

தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 13, செவ்வாய்

எல்லையில் வேலை. பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும் வண்டிகள், அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிவரை ஊர்ந்தன. வருடா வருடம் இதே செய்தி. போன வருடச் செய்தியை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் போய் நின்றேன்.

கர்நாடகப் போலீஸ்காரர் ஒருவர் கார்களைத் தட்டித் தட்டி, "முந்தே ஹோக்ரி, முந்தே ஹோக்ரி" என்று முன்னால் போகச் சொன்னார். திருச்சிக்குப் போகும் கார்க்காரர் தலையை நீட்டி, "எங்க சார் போறது, முன்னாடி இருக்கறவன் மேலயா?" போலீஸ்காரருக்கு அந்தத் தமிழ் புரிந்தது. சிரித்துவிட்டார்.

கரும்புக் கட்டைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம். வழியெல்லாம் கரும்பு விளையும் ஊருக்கு இங்கிருந்து கரும்பு. போட்டோ எடுத்தேன்.

சிவராஜின் அறை அங்கிருந்து நடக்கும் தூரம். போகவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலைக் காலி செய்தேன். முழுக்க அல்ல, பாதி. புத்தகங்கள் இப்போது தரையில். எனக்கே சிரிப்பு வந்தது. என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரிவதற்குள் கட்டிலுக்குத் தெரிந்துவிட்டது.

ஜன. 14, புதன். போகி

விடியும்போதே தெருவெல்லாம் புகை. யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். கண் எரிச்சல்.

குளித்து, பச்சைப் புடவை. வீட்டைக் கூட்டினேன். ஆறு மணியிலிருந்து தயார். ஜன்னலெல்லாம் புகைக்குச் சாத்தியாயிற்று. டிவி போடும் பழக்கம் இப்போதும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஏற்காட்டுக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே பக்கம்.

ஒன்பது. பத்து. பெல் இல்லை. பதினொன்றுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

மதியம் மறுபடி. சுவிட்ச் ஆஃப்.

சரி. வராததும் ஒரு பதில்தான். சாப்பிடத் தோன்றவில்லை. பச்சைப் புடவையை மடித்து உள்ளே வைத்தேன். புத்தகங்களைத் திரும்பக் கட்டிலில் ஏற்றினேன். குனிந்து நிமிர முழங்கால் வலி. இதற்கு அழவா? அழவில்லை. தூங்கிவிட்டேன், பகலில், பல வருடத்துக்குப் பிறகு.

சாயங்காலம் பால் பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு துணிப்பை. உள்ளே எவர்சில்வர் தூக்கு. கீழ்ப்பக்கம் நசுங்கியது. அந்த நசுங்கல் எனக்குத் தெரியும். அவர் ஷிஃப்ட்டுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்கு.

மூடியைத் திறந்தேன். அவரைப் பருப்பு. ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்தது, தூக்கு நிறைய. ஒரு தோல்கூட ஒட்டியிருக்கவில்லை. ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து பிதுக்கினால் ஒரு ராத்திரியே போயிருக்கும்.

போன்: இன்னும் சுவிட்ச் ஆஃப்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

காலையில் கீழ்வீட்டு ஷமீம் ரவா லட்டோடு வந்தாள். அவள் கணவருக்குப் பாகலூர் சாலையில் மெத்தைக் கடை. நான் பொங்கல் கொடுப்பதற்கு முன்பே அவள் லட்டு வந்துவிடும், அது அவள் பிடிவாதம்.

"கலாக்கா, நேத்து உங்க வீட்டுக்கு வந்தாரே, யாரு அவரு?"

"யாரு?"

"நீலச் சட்டை. ஒம்பது மணிலருந்து மாடிப்படில நிக்கறாரு. பெல்லுகிட்ட வெரலைக் கொண்டுபோறாரு, எடுத்துக்கறாரு. கொண்டுபோறாரு, எடுத்துக்கறாரு. திருடனாட்டம் இருக்குதேன்னு நான்தான் போயிக் கேட்டேன். போனை வேற அணைச்சு வெச்சுட்டாரு, சத்தம் வரக் கூடாதாம்."

"என்ன சொன்னாரு?"

"'உள்ள சத்தமே இல்லம்மா, தூங்கறாங்க. ராத்திரி வேலை பார்க்கறவங்க, எழுப்பக் கூடாது'ன்னாரு. நான் ஏதோ ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன். மத்தியானம் வரைக்கும் நின்னாரு, அக்கா. போறப்ப, 'நான் வரேன்னு தெரிஞ்சும் தூங்கறாங்கன்னா சரி, அதான் பதிலு'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. ஷமீம் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

அவர் கதவுக்கு வெளியே என் தூக்கம் கலையக் கூடாதென்று. நான் உள்ளே, பழக்கதோஷம், மூச்சுச் சத்தமும் வராமல். நடுவில் ஒரு பலகை.

"அக்கா, யாருன்னு சொல்லவே இல்லயே?"

"வீட்டுக்காரரு."

"யா அல்லா. அந்த ஆளையா நான் திருடன்னு நெனச்சேன்." லட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒரு பெல்லை அடிக்கத் தெரியாதா அந்த மனுசனுக்கு? படிச்சவருதானே?"

போன்: சுவிட்ச் ஆஃப். கோபித்துக்கொண்டு அல்ல. தூங்கும்போது அணைத்துவைப்பார். அல்லது சார்ஜர் மூட்டைக்குள் போயிருக்கும்.

மாலை பாரதி. பொங்கல் வாழ்த்து. அந்த மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்னாச்சு மேடம் என்றாள். கிடைத்துவிட்டது என்றேன். சொல்லச் சொன்னாள். சொன்னேன், ஏற்காடு, வேறு பெயர் போட்டு.

"இல்ல மேடம். யாரும் நம்ப மாட்டாங்க. பெல்லடிச்சா என்ன? குடையே இருக்கட்டும்."

குடையே இருக்கட்டும்.

ஜன. 16, வெள்ளி

காற்று. வெயில் மந்தம்.

பருப்பைக் குழம்பு வைத்தேன். தூக்கைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதே தூக்கில் நிறைத்து, மூடியைத் துணியால் கட்டி, ஜூஜுவாடிக்கு டவுன் பஸ். பஸ்ஸில் பாதி சீட் காலி. ஊரே ஊருக்குப் போய்விட்டது. கண்டக்டர், "என்னம்மா, குழம்பு வாசனை இப்படித் தூக்குது. எறங்கறதுக்குள்ள ஒரு வாய் குடுத்துட்டுப் போங்க." வேறொரு நாளாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

வரிசை வீடுகள். நீளச் சந்து, இரண்டு பக்கமும் கதவு, எல்லாம் சாத்தியபடி. பண்டிகையிலும் மிஷினை நிறுத்த முடியாத கம்பெனிக்காரர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்தார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு நடுநிசி அமைதி. கடைசிக் கதவு அவருடையது. வாசலில் கயிறு கட்டிய பெட்டிகள் இரண்டு. மேலே, பிரிக்காத சுவர்க் கடிகாரம்.

பெல்லை அழுத்தினேன். சத்தம் இல்லை. பார்த்தால் ஒயரைக் கழற்றி டேப் ஒட்டியிருக்கிறார்.

என் கை தானாகவே கீழே வந்தது. விரல் நுனியால் தட்டத்தான் வந்தது, அந்த நாளில் முதல் பஸ்ஸில் வந்து தட்டுவது மாதிரி, ஜன்னல் கம்பியில் இரண்டு முறை. அப்படித் தட்டியிருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார். நானும் திரும்பிப்போயிருப்பேன்.

உள்ளங்கையால் அடித்தேன். தகரக் கதவு. அடித்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. லுங்கியோடு ஒரு பையன். "யாருங்க அது, நைட்டு பார்த்துட்டு இப்பத்தான் படுத்தோம்." எதிர்க் கதவில் ஒரு பெண், தெலுங்கில் ஏதோ. இன்னொரு குரல், "பண்டிகை அன்னைக்கும் நிம்மதி இல்லப்பா." சந்து முழுக்கத் தலைகள்.

கடைசியாகத்தான் அவர் திறந்தார். பனியன், கலைந்த தலை. முதலில் சந்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு தூக்கை.

"கலா, எல்லாரும் தூங்கறாங்க."

"தெரியும்."

"நீ... இந்நேரத்துக்கு முழிச்சிருக்க?"

"நைட் டியூட்டி விட்டு எத்தனையோ வருசமாச்சு. மொதல்ல அந்த ஒயரை மாட்டுங்க."

கட்டிய பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஸ்க்ரூ டிரைவர் அடியில் இருக்கிறதாம்.