டெல்லியிலிருந்து இறங்கிய சிவப்புக் கோடு

அண்ணாச்சி,

போன வெள்ளிக்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்த சுருளைப் பிரித்தபோது பாச்சை உருண்டை வாசனை அடித்தது. பூச்சி அரிக்காமல் இருக்க, பீரோவில் சுருளோடு போட்டு வைத்திருந்திருக்கிறாள். விமானப்படையில் நான் இருந்த காலமெல்லாம் அந்த வாசனைக்குள்தான் வேலை பார்த்தேன். பாளையம்பட்டியில் உங்கள் சாக்குக் கடை பெஞ்சில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தும் இந்த ஒன்றை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் போன பிறகு எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது. கையும் முன்போல் ஓடவில்லை. ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சுருள் நீங்கள் போட்ட விமானப்படை வரைபடம். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை மைதாப் பசையால் ஒட்டிக் கடைச் சுவரில் மாட்டியிருந்தீர்கள். உச்சியில் டெல்லித் தலைமையகம். அதன் கீழே ஏழு கட்டளைப் பிரிவுகள். ஒவ்வொன்றின் கீழும் விமானத் தளங்கள், அவற்றின் கீழே நம்பர் வாரியாக ஸ்குவாட்ரன்கள், அதாவது விமான அணிகள். எல்லாம் பத்திரிகைச் செய்திகளிலிருந்து நீங்களே சேர்த்தது. பழைய விமானங்களோடு ஒரு ஸ்குவாட்ரனை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அந்தக் கட்டத்தை அழிக்க மாட்டீர்கள். பென்சிலால் குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுப்பீர்கள். "புது விமானம் வந்தா அதே நம்பர எழுப்பிருவாங்க சார். நம்பரு சாகாது" என்பீர்கள்.

கொத்தமல்லி அறுவடை முடிந்த ஒரு மாதத்தில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து சாக்கு வாங்க வந்தவர் அதை நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, குடும்ப வம்சாவளியா?" என்று கேட்டார்.

"ஆமாய்யா. பங்காளிக ஏழு பேரு. மூத்தவுக டெல்லியில இருக்காக."

"சொத்துப் பிரிச்சாச்சா?"

"பிரிக்க விட்ருவமா? ராணுவத்தையே வச்சிருக்கோம்."

அவர் சிரித்துக்கொண்டே போனதும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நாப்பது சாக்கு வாங்குற ஆளு இன்னைக்கு எழுவது வாங்கிட்டுப் போறாரு. அப்ப அந்தப் பக்கம் நல்ல வெளச்சல்தான்." வயலைப் போய்ப் பார்க்காமல் சாக்கை வைத்தே விளைச்சலைச் சொல்லிவிடுவீர்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இருபது வயதில் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய், நேராக நின்றால் இரண்டு முழங்காலும் இடிக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் நீங்கள். பிறகும் எதற்கு இந்த வரைபடம் என்று ஒருமுறை கேட்டேன். "என்னைய வேண்டாம்னு சொன்ன வீடு சார் அது. எம்புட்டுப் பெரிய வீடுன்னாவது தெரிஞ்சுக்கிற வேண்டாமா?" என்றீர்கள்.

நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த புதிதில், "சாருக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டீர்கள். பெஞ்சில் வேறு நான்கு பேர் இருந்தார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். "அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். இரகசியம் காப்பேன் என்று எழுதிக் கொடுத்தவன்தான் நான். ஆனால் அன்று என் வாயை அடைத்தது அந்தக் காகிதமா, வெட்கமா என்று இன்றும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருமுறை சொன்ன சொல்லிலிருந்து இறங்கிவர வழி தெரியவில்லை. பத்திரிகையில் வந்ததைக் காட்டி, சரியா தவறா என்று கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். பாதிக்கு மேல் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. இவ்வளவு பெரிய படையில் நான் அறிந்தது ஒரு ஷெட்.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்க வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டீர்கள். "சார், பேரு வேண்டாம். நீங்க இருந்த எடம் பெருசா, சிறுசான்னு மட்டும் சொல்லுங்க." அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் பக்கத்தில் நின்றாள். "அது முடியாது அண்ணாச்சி" என்றேன். நீங்கள் வருத்தப்படவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். "பாத்தியாம்மா, இவுக வாயத் தொறக்கவே மாட்டாக. அம்புட்டுப் பெரிய எடம்." ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது உங்கள் மகள், தான் வேலை பார்க்கும் பள்ளியில் இந்த வரைபடத்தை மாட்டப் போகிறாளாம். "பிள்ளைக பாக்கப் போகுது மாமா. தப்பு இருந்தாச் சொல்லிருங்க. உள்ள இருந்தவுக நீங்க ஒருத்தர்தான்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

நூலகத்துக்கு நான்கு நாள் போனேன். அரசே வெளியிட்டிருக்கும் தகவல்களோடு ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட்டேன். கண் வலித்தது. பார்த்த கட்டத்தையே திரும்பவும் பார்த்தேன். ஏழு பிரிவும் சரி. தஞ்சாவூரும் சூலூரும் தெற்குப் பிரிவின் கீழ் சரியாக இருந்தன. நீங்கள் கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்தவனுக்கு இதைச் சரிபார்க்க என்ன தகுதி என்று நடுவில் ஒருநாள் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள்தான் சுருண்டிருந்த ஓரத்தை விரித்தபோது அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். கடையில் மாட்டியிருந்த காலத்தில் அது இல்லை. படுக்கையில் விழுந்த பிறகு போட்டிருக்கிறீர்கள், எழுத்து நடுங்கியிருக்கிறது. எந்தப் பிரிவின் கீழும் சேராமல், டெல்லித் தலைமையகத்திலிருந்து நேராக ஒரு சிவப்புக் கோடு. அதன் முடிவில் சிவப்புக் கட்டம். உள்ளே, "பெயர் தெரியாது. நம்ம சார் இருந்த இடம்."

என் வெட்கத்தை நீங்கள் பெரிய இரகசியம் என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் அது அப்படியே பள்ளிச் சுவரில் ஏறியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சேர்த்தவரின் தாளில் ஒரே ஒரு பொய், அதுவும் என்னால். இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போனேன்.

"மற்றதெல்லாம் சரிம்மா. இந்தச் சிவப்புக் கட்டம் தப்பு. நான் அந்த ஏழுல ஒண்ணான பராமரிப்புப் பிரிவில ஒரு சாமான் டிப்போவில, மூணாம் நம்பர் ஷெட்டில இருந்தேன். போர்வை, கம்பளி அடுக்கி வைக்கிற ஷெட். பாச்சை உருண்டை போடுறதும் நான்தான்."

"அப்பாட்டச் சொல்லியிருக்கலாமே மாமா."

"கூச்சமா இருந்துச்சும்மா."

"கூச்சமா! அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா உங்கள வீட்டுக்குப் போக விட்டிருப்பாகளா? ஓராளுக்கு எத்தன போர்வைன்னு கேட்டு, அத வச்சே மொத்தப் படையில எத்தன பேருன்னு கண்டுபிடிக்க ஒக்காந்திருப்பாக. சாக்க வச்சு மல்லிய எண்ணுன மனுசன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை, அண்ணாச்சி. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்றே இருந்துவிட்டேன்.

சிவப்புக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. உங்களைப் போலவே பென்சிலால் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டாள். பராமரிப்புப் பிரிவின் கீழே, கடைசி வரிசையில், நான் ஒரு சின்னக் கட்டம் போட்டேன். கோடு நேராக வரவில்லை.

வீட்டில் இன்றும் போர்வையை மடித்தால், மடிப்பு முனை வெளியே தெரியும்படிதான் அடுக்குகிறேன். அப்படி அடுக்கினால் ஒன்றையும் பிரிக்காமல் எண்ணிவிடலாம். இந்த வயதில் என்னிடம் மிஞ்சியிருக்கும் வித்தை அது ஒன்றுதான். இன்று மத்தியானம் அடுக்கி முடித்தபோது, நீங்கள் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்பது போலவே இருந்தது.

ஓராளுக்கு நான்கு, அண்ணாச்சி. குளிர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஆறு.