ஈரமணலில் ஒளித்த சாடி

குளிர்வரைத் தீவின் ஏழு மலைமுடிகளுக்கும் உரியவரும், பனிக்கடலைத் தம் வாயிற்காவலாகக் கொண்டவரும், வாற்கோதுமைக் கதிரைத் தம் கொடியில் ஏந்தியவருமான பேரரசி மாதங்கவேணியார் திருமுன்பு, கழிநாட்டு மன்னர் பெருங்கழற்கோவின் ஆணைப்படி அமைச்சர் கொற்றங்குமரன் ஓங்கலந்துறையிலிருந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் கதிர் முற்றுக. தங்கள் தேனடைகள் நிறைக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்தைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இன்று உண்டா என்ற ஐயத்தோடுதான் சொல்கிறோம்.

தங்கள் நாட்டு நறவு வடிப்போர் பதினொருவர் எங்கள் துறையில் எங்கள் வாளுக்கும் ஈட்டிக்கும் இரையானார்கள். சுற்றி வளைக்காமல் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது மன்னர் கட்டளை. அவர்கள் பிழை ஏதும் செய்யவில்லை. பிழை எங்கள் துறைத்தேர்வன் கீரங்கண்ணனிடம் தொடங்கியது. அவன் தன் வாயால் அவையில் சொன்னவற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் இங்கே எழுதுவித்திருக்கிறோம்.

கீரங்கண்ணன் எங்கள் துறையில் இறங்கும் கள், தேறல், நறவு முதலிய மது அனைத்தையும் சுவைத்துப் பார்த்து உள்ளே விடும் பணியில் ஒன்பது ஆண்டுகளாக இருப்பவன். எதையும் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பான். பார்த்த பிறகும் தன் நாவை நம்பமாட்டான். தங்கள் தலைமை வடிப்பாளர் விண்ணி அந்தப் பதினொருவரோடும் நாற்பது சாடிகளோடும் வந்து இறங்கிய அன்று, வழக்கப்படி ஒரு சாடியின் மெழுகை உடைத்து ஒரு கிண்ணம் வாங்கினான். நுரை விரற்கடை உயரம் எழுந்து அடங்காமல் நின்றது. முதல் மிடற்றில் வறுத்த தவிட்டின் மணம், அடுத்ததில் மலைத்தேன், கடைசியில் நாவின் ஓரத்தில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பு போனபின் இன்னொரு மிடறு வேண்டும் என்று தொண்டை தானாகக் கேட்டது. யவனர் தேறலையும் வடநாட்டு மதுவையும் முகம் மாறாமல் குடித்துப் பழகிய அவன், அன்று கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்து நின்றான். பிழிந்த தேனா, அடையோடு ஊறிய தேனா என்று கேட்டான். அடையோடு ஊறியதுதான், இதைக் கண்டுபிடித்த முதல் கரைநாட்டார் நீர்தான் என்று விண்ணி வியந்தார்.

துறைக்காவல் தலைவன் விச்சியன் அருகில் நின்று சிரித்தான். தேர்வருக்கு இன்று நாக்கு வழுக்கிவிட்டதே, தீவுக்காரி அதில் தேனைத் தடவினாளா வேறெதையும் தடவினாளா என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். அந்தச் சொல் கீரங்கண்ணனுக்கு உள்ளே தைத்துவிட்டது. தான் மயங்கிவிட்டோமோ, மயங்கியவன் தீர்ப்பு எப்படிச் செல்லும் என்று அஞ்சினான். அந்த அச்சத்தில் விதியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் துறையின் விதி இது. வந்திறங்கும் மது எதுவானாலும் மூன்று நாள் திறந்த வெளியில், மூடிய சாடியில், வெயிலில் நிற்க வேண்டும். கலப்படக் கள் அதற்குள் நாறிவிடும். நல்ல கள் புளிக்கும், அவ்வளவே. பனங்கள்ளை மட்டுமே அறிந்த காலத்தில் பனங்கள்ளுக்காக வகுத்த விதி.

விண்ணி பதறினார். இது கள் அல்ல. மூடிய பின்னும் தேன் உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர்க் குளிருக்கு அது உறங்கும், உங்கள் வெயிலுக்கு எழுந்துவிடும். ஈரமணலில் புதைத்து வையுங்கள், உங்கள் காலில் விழுகிறேன் ஐயா என்று மன்றாடினார். கீரங்கண்ணன் அதை முழுவதும் கேட்டான். பிறகு நிழல் வேண்டுமென்றால் உங்கள் தீவிலேயே விற்றிருக்கலாமே அம்மா என்றான். 

சுவைத்த சாடி அன்றே தீர்ந்தது. மீதி முப்பத்தொன்பதில் முப்பத்தெட்டை வெயிலில் நிறுத்தினான். ஒன்றைத் தன் வீட்டுக் கிணற்றடியில் ஈரமணலில் புதைத்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பாதிதான் உண்மை. அந்த நறவு கெட்டுப்போவதை அவனால் பொறுக்க முடியவில்லை என்பது மீதி. துறைச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறவனுக்குக் கை வெட்டு என்பது அவன் அறிந்ததே.

மூன்றாம் நாள் உச்சிவேளையில், தீவு நறவின் புகழ் கேட்டு, மன்னரின் தம்பி இளவரசர் நெடுஞ்சேந்தன் துறைக்கு வந்தார். மெழுகை நானே உடைக்கிறேன் என்று குழந்தைபோல் குனிந்தார். அப்போது முதல் சாடி வெடித்தது. அது இடித்த இடியில் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வரிசையாக வெடித்தன. ஓட்டுச் சில்லுகள் வேலாய்ப் பறந்தன. ஒரு சில்லு இளவரசரின் தொண்டையைக் கிழித்தது. நுரையும் குருதியும் ஒன்றாகக் கலந்து மணலில் ஓட, அவர் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்தபடி விழுந்தார். எழவில்லை.

சூழ்ச்சி, சூழ்ச்சி என்று விச்சியன் கத்தினான். காவலர் வாளை உருவினர். தங்கள் வடிப்போர் கையில் அகப்பையும் மெழுகுக்கட்டியும் தவிர வேறில்லை. நால்வர் நின்ற இடத்திலேயே வெட்டுண்டனர். நால்வர் கடலை நோக்கி ஓடி, முழங்கால் அளவு நீரில் முதுகில் ஈட்டி பாய்ந்து கவிழ்ந்தனர். மூவர் மண்டியிட்டுக் கைகூப்பினர். கூப்பிய கையோடு அவர்கள் தலைகளை விச்சியன் தன் கையாலேயே சீவினான். விண்ணியை மட்டும் கழுவேற்றிக் காட்டுவதற்காகத் தலைமுடியைப் பற்றி இழுத்துவந்தான். கீரங்கண்ணன் அந்த மணலில் நின்றான். வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. சாவுகள் எல்லாம் முடிந்த பிறகே வந்தது. இதை அவன் மறைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கழுமரம் நட்டாயிற்று. கீரங்கண்ணன் ஈரமணலில் இருந்த சாடியைத் தோளில் சுமந்து அரண்மனை முற்றத்துக்கு வந்தான். இது அந்த நாற்பதில் ஒன்று; நான் எடுத்து ஒளித்தது; இவ்வளவு நாளும் குளிர்ந்த இடத்தில் இருந்ததால் முழுதாக இருக்கிறது; இதை வெயிலில் நிறுத்துங்கள், வெடித்தால் அந்த அம்மையார் குற்றமற்றவர், வெடிக்காவிட்டால் அவருக்கு முன் என்னைக் கழுவேற்றுங்கள் என்றான். விச்சியன், திருடனே சாட்சிக்கு வந்துவிட்டானா என்று காறி உமிழ்ந்தான். தம்பியின் பிணத்தருகே இருந்து எழுந்துவந்த மன்னர், மூன்று நாள் தவணை கொடுத்தார்.

சாடியில் யாரோ கைவைத்தார்கள் என்ற பேச்சு எழக்கூடாது என்பதற்காகக் கீரங்கண்ணன் தன் வலக்கையை அதன் மூடிமேல் வைத்து நின்றான். கழுமரத்தில் கட்டுண்ட விண்ணிக்கும் அவனுக்கும் இடையே பத்தடி தொலைவு. முதல் நாள் ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் நாள், நறவுக்கு உறக்கம் தெளியவில்லையோ, தாலாட்டுப் பாடினீரோ தேர்வரே என்று விச்சியன் கேலி பேசினான், காவலர் சிரித்தனர். மூன்றாம் நாள் காலை மூடிக்கு அடியில் சீறும் ஒலி கேட்டது. அதை முதலில் அறிந்தவர் விண்ணி. கையை எடு, பாவி, விலகிப் போ என்று அலறினார். அவன் எடுக்கவில்லை. சாடி வெடித்தபோது அவன் வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. சில்லு ஒன்று கன்னத்தைப் பிளந்து பல்லைக் காட்டியது. அப்படியே சரிந்தான்.

மன்னர் தாமே சென்று விண்ணியின் கட்டை அவிழ்த்தார். மண்டியிட்டவரை வெட்டிய குற்றத்துக்காக அன்று மாலையே விச்சியனின் தலை அதே துறையில் அதே மணலில் விழுந்தது. வெயில் விதி பொறித்த ஓலைகள் எரிக்கப்பட்டன. தம் தம்பியின் உயிருக்கு மன்னர் யாரிடமும் ஈடு கேட்கவில்லை.

கீரங்கண்ணனை என்ன செய்வது என்று மன்னர் விண்ணியிடம் கேட்டார். உங்கள் உயிரைக் காத்தவன் ஆயிற்றே, மன்னிக்கலாமா என்றும் கேட்டார்.  விண்ணி சொன்னார்: நாக்குச் செத்த எவனாவது இதைச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவன் குடித்தவுடனே எங்கள் தேனை இனம் கண்டவன். நான் சொன்னது மெய் என்று அறிந்து ஒரு சாடிக்கு மட்டும் நிழல் கொடுத்தவன். அந்தப் பதினொருவரில் இருந்த என் அண்ணன்மார் இருவரையும் வெயிலில் நிறுத்தியவன். தீர்ப்பை என்னிடம் கேட்காதீர்கள்; செத்தவர்களுக்கு அரசி ஒருத்தி இருக்கிறாள்.

ஆகவே மன்னர் கட்டளை இது. பதினொருவர் உடலும் மலைத்தேனில் பதப்படுத்தப்பட்டு, வெண்பட்டு போர்த்தி, விண்ணியாரின் காவலில் இக்கப்பலில் வருகின்றன. கழிநாட்டின் ஒரு படகும் ஓராண்டு தங்கள் கடலில் வலை வீசாது. தங்கள் படை வருமானால், அதைத் தடுக்க எங்கள் துறையில் ஒரு வில்லும் வளையாது.

இவ்வோலையை இடக்கையால் தங்களிடம் நீட்டி நிற்பவனே கீரங்கண்ணன். காவல் இல்லாமல், விலங்கு இல்லாமல், தானே கேட்டு வந்திருக்கிறான். தன் பொருட்டு ஒரு சொல்லும் பரிந்து எழுதவேண்டாம் என்று எங்களை வேண்டினான், எழுதவில்லை. தாங்கள் கேட்டாலன்றி அவன் வாய் திறக்கமாட்டான். அவன் தலை தங்களுடையது. எடுத்தாலும் விடுத்தாலும் அதுவே நீதி என்று கழிநாடு ஏற்கும்.

ஓங்கலந்துறை அரண்மனையில், மன்னர் முன்னிலையில் படித்துக் காட்டி, அவர் தலையசைத்தபின் இலச்சினை இட்டோம். கப்பல் தலைவன் தங்கள் விடையைப் பெறும்வரை கரையிறங்காமல் காத்திருப்பான். அவனோடு கீரங்கண்ணனும் திரும்பி வருவானா மாட்டானா என்பதை அறியாமலே இவ்வோலைக்கட்டைக் கட்டி முடிக்கிறோம்.