சாய்வாக வெட்டிய முள்ளங்கி

786

இராயபுரம்,
14-7-1951

அன்பு மச்சான் அவர்களுக்கு, ஜெரினா சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் அம்மாவும் சுகம். விசாகப்பட்டினத்தில் உங்கள் உடம்பும் மனசும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

மாமிக்கு மூட்டுவலி இப்போது தேவலை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே எனக்குக் கண் பூத்துவிட்டது. பெருநாள் முடிந்தும் தையல் வேலை குறையவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மாமிக்கு முதல் பாதியை மட்டும் படித்துக் காட்டினேன். கப்பல் கட்டும் இடத்தில் தகட்டு வேலைத் தேர்வில் தோற்றதாக எழுதினீர்கள், சரி. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இன்னொரு தரம் தேர்வுக்கு வரலாம் என்று மேஸ்திரி சொல்லியும், எனக்கு மூளை இல்லை, மூன்று வருடத்துக்குப் பினாங்குக் கப்பலில் கரி தள்ளப் போகிறேன் என்கிறீர்களே, அதை எந்த வாயால் மாமிக்குப் படிப்பேன்? தேறினால் நிரந்தர வேலை, வீடும் கொடுப்பார்கள், மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று போன மாதம் எழுதியதும் இதே கைதானே? எனக்கு வந்த கோபத்தில் ஒரு ரவிக்கைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

அதைப் பிரிக்கும்போதுதான் உங்கள் தப்பு எனக்குப் புரிந்தது. சிரிக்காதீர்கள். தேர்வில் கேட்டபடி, தகட்டைச் சுருட்டிச் செய்த இரண்டு குழாயை முழங்கை மாதிரி மடக்கிச் சேர்க்க, சாய்வான வாய் வேண்டும். அதனால் தகட்டிலும் நேர்க்கோட்டைச் சாய்வாகப் போட்டு வெட்டினீர்கள். சுருட்டியதும் ஓர் ஓரம் மேலேயும் மறு ஓரம் கீழேயும் நின்றது என்கிறீர்கள். நிற்காமல் என்ன செய்யும்? ரவிக்கைக் கையை நான் அப்படியா வெட்டுகிறேன்? துணியை விரித்தால், மேல் ஓரம் நடுவில் மேடாக ஏறி இரண்டு பக்கமும் தாழ்ந்து வரும். சுருட்டி மூட்டினால் தோளில் சரியாக உட்காரும். துணிக்கும் தகட்டுக்கும் நீளமும் அகலமும்தான். கைக்கும் குழாய்க்கும் பருமன் உண்டு. சுருண்டபோது நேர் வெட்டாகத் தெரிவது, விரித்தால் வளைவாகத்தான் இருக்கும்.

எனக்கே சந்தேகம் வந்து, ஒரு முள்ளங்கியின் நடுத்துண்டில் தாளைச் சுற்றி, அரிவாள்மனையில் சாய்வாக ஒரே வெட்டு வெட்டினேன். முள்ளங்கியின் முகம் முட்டை வடிவமாக இருந்தது. தாளைப் பிரித்தால் ஓரம் அலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. நேர்க்கோடு மருந்துக்கும் இல்லை. மீன் கொண்டுவந்த பச்சையம்மா இதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மே, முள்ளங்கிக்கு ஜாக்கெட்டு தச்சிகினு கீறியா?" என்று கேட்டாள். வீட்டுக்காரருக்குப் பாடம் எழுதுகிறேன் என்றேன். "அதுக்கு முள்ளங்கி இன்னாத்துக்கு, தொடப்பக்கட்ட போதும்" என்றாள். மாமி உள்ளே இருந்து சிரித்துவிட்டார்கள்.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தோடு ஓரம் சேர்த்துச் சுருட்டி, சாய்ந்த வாயைப் பலகையில் கவிழ்த்துப் பாருங்கள், இடுக்கில்லாமல் உட்காரும். நான் நாடாவால் நாலு இடத்தில் அளப்பேன். நீங்கள் ஒரு மாதிரிக் குழாயைச் சுற்றிப் பன்னிரண்டு இடத்தில் உயரம் அளந்து, தகட்டில் புள்ளி வைத்துச் சேர்த்தால் வளைவு தானே வந்துவிடும். பத்து வருடம் தகரத்தில் பக்கெட் அடித்த கை உங்களுடையது. மூளை இல்லை என்று இனி எழுதினால் நான் பதில் போடமாட்டேன்.

உறையில் இன்னொன்றும் இருக்கிறது. கப்பல் வேலைக்காக எடுத்த போட்டோவில் ஒரு பிரதியை, ஆசைக்கு வைத்துக்கொள் என்று அனுப்பியிருந்தீர்கள். அதைத் திருப்பி அனுப்புகிறேன். படத்தில் அழகாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் பின்பக்கம் திருப்பினால் ஸ்டூடியோக்காரன் முத்திரைதான் இருக்கிறது. நீங்கள் என்னிடம் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுப்பீர்களே, அந்த முதுகு அதில் இல்லை. மூன்று வருடம் இந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது மச்சான்.

தேர்வுக்குப் போங்கள். அல்லாஹ் உங்கள் கைக்கு பரக்கத் தரட்டும். தேறினால் ஒரு வரி எழுதுங்கள், மாமியை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். தோற்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
ஜெரினா