அம்மாவை வெட்டிய மகன்

மைசூர், 12.3.2001

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நீங்கள் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடிய கவலையில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். என் இருமல் குறைந்துவிட்டது.

தகப்பன் சொன்னதற்காகப் பெற்றவளின் தலையை வெட்டிய மகனின் புராணம் நேற்று வகுப்பில் நடந்தது. அவனை வீரன் என்றேன். நம் ஊர்ப் பெண் மாலா, "அந்தம்மாவ யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு நிற்கவில்லை, பிறகு எழுந்து வெளியே போய்விட்டேன்.

படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்படி தங்கை வாணியிடம் பேசச் சொன்னீர்கள். போன வாரம் போனில் பேசினேன். "இன்னாண்ணா, நீயுமா?" என்று அழுதாள். கோபிக்காதீர்கள் அப்பா, இனி என்னால் அதைப் பேச முடியாது.

என் ஸ்வெட்டரை அனுப்புங்கள். அதோடு வாணியை ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். என்ன எழுதுவாளோ என்று பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் பயம். வாசலில் தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகன்,
மனோகர்